ஓடைக்கரை ஈயும் சிராங்கூன் சாலையும்

மலாயாத் தீபகற்பத்தின் மழைக்காடுகளில், ஓடைநீர் கரையை அரித்து மரவேர்கள் நூல்நூலாய் வெளியே தொங்கும் இடங்கள் உண்டு. பொழுது சாய்கிற வேளையில் அந்த வேரிழைகளைத் தேடி ஒருவகை ஈக்கள் வந்து அமர்கின்றன. உடல் ஏழு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். தலையின் இருபுறமும் கிடையாக நீண்ட இரண்டு காம்புகள். காம்பு முடிகிற இடத்தில் கண். ஆண் ஈயின் இரு கண்களுக்கும் இடையே உள்ள தொலைவு அதன் உடல் நீளத்தையே தாண்டிவிடும். டெலியாப்சிஸ் டால்மன்னி என்பது அறிவியலார் இதற்கு இட்ட பெயர். காம்புக்கண் ஈக்களின் குடும்பமான டயாப்சிடேயைச் சேர்ந்தது இது. அக்குடும்பத்து ஈக்களைச் சிங்கப்பூரின் மத்திய நீர்ப்பிடிப்பு வனத்திலும் நிழலடர்ந்த ஓடையோரங்களில் காணலாம்.

கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வரும்போது இந்த ஈக்குக் காம்பு நீண்டிருப்பதில்லை. மெத்தென்று சுருண்டு கிடக்கிறது. ஈ காற்றை விழுங்கி, உடற்சாற்றைத் தலைக்குள் அழுத்தி, காம்புகளை நீட்டிக்கொள்கிறது. சில நிமிடங்களில் தோல் இறுகிவிடும். அதற்குள் நீண்டதுதான் அதன் வாழ்நாள் அளவு. அந்த அளவை வைத்தே ஆண் ஈயின் வாழ்க்கை நடக்கிறது. ஒரு வேரிழையை ஓர் ஆண் பிடித்துக்கொண்டால் இரவில் பல பெண் ஈக்கள் அந்த இழையிலேயே வந்து தங்கும். விடியும்போது இணை சேரும். இழையைப் பறிக்க இன்னோர் ஆண் வந்தால் இரண்டும் நேருக்கு நேர் நின்று கண்காம்புகளை அளந்துகொள்கின்றன. குறைந்த அளவுள்ளது பெரும்பாலும் சண்டையின்றி விலகிவிடும். சமமாக இருந்தால்தான் கைகலப்பு.

கோலாலம்பூருக்கு வடக்கே உலு கோம்பாக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் ஓடைக்கரைகளில் ஜெர்மானியரான பர்கார்ட்டும் டி லா மோட்டும் இந்த ஈக்களை முதலில் நெருங்கிக் கவனித்தார்கள். பின்னர் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் வில்கின்சன், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ஆண்ட்ரூ பொமியான்கோவ்ஸ்கி ஆகியோரின் குழுக்கள் ஈக்களை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச்சென்று, அரைத்த மக்காச்சோளம் ஊட்டித் தலைமுறை தலைமுறையாக வளர்த்தன. 1994இல் வில்கின்சனும் ரெய்லோவும் வெளியிட்ட முடிவு பரிணாமவியல் பாடநூல்களில் இடம்பெறும் தகுதி உடையது. ஒரு கூட்டத்தில் நீண்ட காம்புள்ள ஆண்களையும் இன்னொன்றில் குறுகிய காம்புள்ள ஆண்களையும் மட்டுமே 13 தலைமுறைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்களின் உருவம் மாறியதில் வியப்பில்லை. பெண்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் அவற்றின் விருப்பமும் கூடவே மாறிவிட்டது. குறுங்காம்புக் கூட்டத்துப் பெண்கள் குறுங்காம்பு ஆண்களையே நாடின. அழகும் அழகை விரும்பும் மனமும் ஒரே பரம்பரைக் கயிற்றில் பின்னியிருக்கலாம் என்று ஏட்டளவில் பேசப்பட்ட கருத்துக்கு உயிருள்ள சான்று கிடைத்தது.

1998இல் இன்னொரு கண்டுபிடிப்பு. சில ஆண் ஈக்களின் எக்ஸ் குரோமோசோமில் ஒரு தன்னல மரபுக்கூறு ஒளிந்திருக்கிறது. அதைச் சுமக்கும் ஆணுக்குப் பெண் வாரிசுகளே மிகுதியாகப் பிறக்கின்றன. நீண்ட கண்காம்பு, அந்தக் கேட்டை எதிர்த்து நிற்கும் மரபின் அடையாளமாக இருப்பதை வில்கின்சன் குழு காட்டியது. 2000இல் லண்டன் குழு, உணவைக் குறைத்து வளர்த்தபோதும் சில மரபுவழி ஈக்கள் நீண்ட காம்பைக் காத்துக்கொள்வதைக் காட்டியது. ஆக, பெண் ஈ பார்ப்பது வெறும் அலங்காரத்தை அன்று. இவ்வளவும் ஓர் ஓடைக்கரை வேரிழையிலிருந்து கிடைத்த அறிவு.

இந்த ஈக்களுக்கு முதன்முதலில் ஏட்டில் இடம் கொடுத்தவர் லின்னேயஸ். 1775இல், அவருடைய மாணவர் ஆண்ட்ரியாஸ் டால் வாதிட்ட சிறு ஆய்வேட்டில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டயாப்சிஸ் என்ற ஈ விவரிக்கப்பட்டது. ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்தது 1819இல். நகரம் பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே காம்புக்கண் ஈ ஐரோப்பிய ஏட்டில் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஈயின் வயதோ அதற்கும் அப்பால். பால்டிக் கடற்கரையில் கிடைக்கும் அம்பர் எனும் மரப்பிசின் புதைபடிவத்துக்குள் காம்புக்கண் ஈக்கள் சிக்கியிருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வடக்கு ஐரோப்பாவிலும் இவை பறந்திருக்கின்றன. இன்று அந்தக் கண்டத்தில் மிஞ்சியிருப்பதாக அறியப்பட்ட ஒரே இனம் 1997இல்தான் ஹங்கேரியிலிருந்து விவரிக்கப்பட்டது. இன்று இக்குடும்பம் வாழ்வது பெரும்பாலும் வெப்பமண்டலத்தில்தான். ஆப்பிரிக்காவில் ஓரினத்தின் புழு நெற்பயிரின் தண்டைக் குடைந்து நடுக்குருத்தைச் சாகடிக்கிறது. அங்குள்ள உழவர்களுக்கு இது பரிணாமப் புதிர் அன்று, வயல் நோய்.

கண்ணைக் காம்பில் ஏந்தும் பழக்கம் ஈக்களின் உலகில் ஒரே முறை தோன்றியதன்று. நியூ கினித் தீவின் அக்கியாஸ் ரோத்ஷில்டி என்ற ஈ, பிளாட்டிஸ்டொமாட்டிடே குடும்பத்தது. அதன் கண்களுக்கிடையே 55 மில்லிமீட்டர் வரை தொலைவு இருக்கும். ஹவாய்த் தீவில் பழ ஈயின் சுற்றத்தைச் சேர்ந்த டிரோசோஃபிலா ஹெட்டரோநியூரா சுத்தியல் போன்ற தலையை வளர்த்துக்கொண்டது. இவற்றிலெல்லாம் உணர்கொம்பு தலையின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. டயாப்சிடேயில் மட்டும் உணர்கொம்பும் கண்ணோடு சேர்ந்து காம்பின் மேல் பயணம் போயிருக்கிறது. அந்தக் குடும்பத்தை அடையாளம் காண இதுவே சாவி. அதன் நெருங்கிய உறவான ஆப்பிரிக்காவின் சென்ட்ரியோன்சிடே குடும்பத்துக்குக் காம்பே கிடையாது. தென்கிழக்காசியாவின் நோத்திபிடே ஈக்கள் கண்ணுக்குப் பதிலாகக் கழுத்தை நீட்டிக்கொண்டன.

கண்ணை நீட்டாமல் கொம்பை வளர்த்த ஈக்களும் உண்டு. அவற்றை உலகுக்குக் காட்டியவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். 1858இல் நியூ கினியின் டோரேயில், ஆண்களுக்குக் கலைமான் கொம்பு முளைத்த ஈக்களைப் பிடித்தார். அந்த நீண்ட பயணத்தின் தொடக்கம் சிங்கப்பூர். 1854 ஏப்ரலில் இங்கே வந்து இறங்கி, புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரிமாரின் இல்லத்தில் தங்கினார். இரண்டு மாத அளவில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றில் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத்துண்டில் கிடைத்தவை. அவ்வளவு கிடைத்ததற்கான காரணத்தையும் மறைக்காமல் எழுதிவைத்தார். சீன மரவெட்டிகள் அங்கே ஆண்டுக்கணக்காக மரம் வீழ்த்திக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மரமும் மரத்தூளும் இலைக்குவியலும் வண்டுப் புழுக்களுக்கு உணவாயின. அதாவது, சிங்கப்பூரின் பூச்சிவளம் உலகப் புகழ் பெற்ற அந்த வேளை, அதன் காடு வீழ்ந்துகொண்டிருந்த வேளையும்கூட. பதிவேடும் கோடரியும் ஒரே மலையில் ஒரே காலத்தில் வேலை செய்தன. இத்தீவின் இயற்கை வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்ட தோட்டங்கள் காட்டைத் தின்றன. காசுக்கட்டி இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். மண் சத்திழந்ததும் அடுத்த துண்டு காடு. 1880களில் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் நதானியேல் கேன்ட்லி வனங்களை ஆய்ந்து அறிக்கை எழுதியபோது, பழைய காட்டில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்கவில்லை. மிஞ்சியதில் பெரும்பகுதி பிழைத்தது தண்ணீருக்காக. 1868இல் கட்டி முடிந்து, பின்னாளில் மெக்ரிச்சி என்று பெயர்பெற்ற நீர்த்தேக்கத்தைச் சுற்றி மழைநீரைப் பிடித்துத்தர மரங்கள் தேவைப்பட்டன. குடிநீர்க் கவலை இல்லாதிருந்தால் இன்று மத்திய நீர்ப்பிடிப்பு வனம் என்ற ஒன்றே இருந்திருக்காது. அதன் ஓடைகளும் ஈக்களும் இருந்திருக்காது.

இந்தக் கதையில் தமிழரின் பங்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சிராங்கூன் சாலைக்கு வர வேண்டும். நம் மரபுடைமை நூல்களும் நடைப்பயணங்களும் அச்சாலை ஓடும் லிட்டில் இந்தியாவைக் கோயில்களோடும் கடைவீடுகளோடும் தொடங்குகின்றன. 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோதும் காக்கப்பட்டவை கட்டடங்கள். ஆனால் அந்த இடம் மக்கள் குடியிருப்பாக வளர்ந்ததற்கு அதன் நிலமே காரணம். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு, புல், தேங்கிய நீர் எல்லாம் மாட்டுக்கு ஏற்றவை. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸ் இங்கே பெரிய அளவில் கால்நடை வணிகம் நடத்தினார். அவர் பெயரில் சாலை இருக்கிறது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை எல்லாம் எருமைத் தொழுவத்தின் நினைவைத்தான் சுமந்து நிற்கின்றன. மாட்டுக்குப் பின்னால் மேய்ப்பவர், பால்காரர், வண்டிக்காரர், தோல் வணிகர் என்று தமிழரும் வட இந்தியரும் வந்தார்கள். வீட்டு வாசலுக்கே பசுவை ஓட்டிவந்து பால் கறந்து கொடுத்த காலம் அது.

மாடு இருந்தால் சாணம். சாணம் இருந்தால் செப்சிடே குடும்பத்து ஈக்கள். எறும்பு போன்ற மெல்லிய இடுப்பு, சிறகு நுனியில் பெரும்பாலும் ஒரு கரும்புள்ளி, நடக்கும்போதெல்லாம் சிறகை ஆட்டிக்கொண்டே போகும் சிறு கறுப்பு ஈக்கள். வீட்டு ஈ போல நம் சோற்றுத் தட்டைத் தேடி வருபவையல்ல. சாணத்தில் பிறந்து, சாணத்தை மண்ணாக்குவதில் பங்கெடுத்து, சாணத்தின் மேலேயே இணை தேடுபவை. காம்புக்கண் ஈயின் காதல் கண்ணில் என்றால் இவற்றின் காதல் முன்காலில். ஆணின் முன்காலில் முள்ளும் மடிப்புமாய் அமைந்த கொக்கி இருக்கும். பெண்ணின் சிறகடியைப் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. இனத்துக்கு இனம் அந்தக் கொக்கி வேறு. சில இனங்களில் ஆணின் அடிவயிற்றில் ஒரு தகடு, முடிக்கற்றையோடு கைபோல அசையும் உறுப்பாகவே மாறிவிட்டது. சிராங்கூன் சாலையில் மாட்டுக்கொட்டகைகள் நிறைந்திருந்த நாளில் இந்த ஈக்களும் நிறைந்திருக்கும் என்பதை அந்தக் குடும்பத்தின் இயல்பை அறிந்தவர் எவரும் சொல்லிவிடுவர். நகராட்சி விதிகள் இறுகி, 1930களில் மாடுகள் அப்பகுதியை விட்டு அகன்றன. மாட்டோடு போன மனிதத் தொழில்களைப் பற்றி ஓரளவு எழுதியிருக்கிறோம். மாட்டோடு போன ஈக்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. இன்று பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவுக்குப் பண்ணையிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து சில நாள் நிறுத்துகிறார்கள். குழந்தைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சில நாள்தான் பழைய சிராங்கூன் சாலையின் உயிர்ச்சங்கிலி பெயரளவுக்குத் திரும்பிவருகிறது.

ஈக்களைத் தனித்தனியே பிரித்தறிவது பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. மலாயாத் தமிழரின் வரலாறு அதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. கொசுவும் இரண்டு சிறகுள்ள பூச்சிதான். ஈக்களின் வரிசையைச் சேர்ந்ததுதான். ரப்பர்த் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்ட ஆண்டுகளில் மலேரியா தமிழ்த் தொழிலாளரைக் கொத்துக்கொத்தாய்க் கொன்றது. 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கிள்ளான் நகரத்திலும் துறைமுகத்திலும் சதுப்பை வடிய வைத்து, காட்டை அகற்றி, நோயைக் கட்டுப்படுத்தினார். அந்த வெற்றியைக் கண்டு அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தால் நோய் தணியும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். தணியவில்லை, கூடியது. காரணத்தைத் தேடியபோது இரண்டு வேறு கொசுக்கள் வெளிப்பட்டன. தாழ்நிலத்தில் நோய் பரப்பிய அனாபிலிஸ் அம்ப்ரோசஸ் காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. நிழல் போனால் அதுவும் போகும். மலைப்பகுதியில் நோய் பரப்பிய அனாபிலிஸ் மாகுலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகுவது. மரத்தை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டவர்கள் அதற்கு வீடு கட்டிக்கொடுத்தார்கள்.

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். காம்புக்கண் ஈ உறங்கும் அதே நிழலோடை, மலைப்பகுதித் தொழிலாளியின் உயிரையும் காத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் அறிந்திருக்கவில்லை. கோம்பாக் ஆறு கோலாலம்பூரில் கிள்ளான் ஆற்றோடு கலக்கிறது. மேலே பரிணாமவியலார் ஈயின் கண்ணை அளந்த நீரோட்டமும், கீழே வாட்சன் கொசுவின் இனத்தைப் பிரித்தறிந்த நீரோட்டமும் ஒன்றே. எந்தப் பூச்சி, எந்த நீர், எந்த நிழல் என்று துல்லியமாகப் பிரித்தறிந்து செயல்படும் முறை அங்கிருந்து வளர்ந்தது. பல தமிழ்க் குடும்பங்கள் மலாயாவில் வேர்விட்டு நிலைத்ததில் அந்தத் துல்லியத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நம் பாட்டனார் கொசுவால் இறந்தார் என்று மட்டும் சொல்லிவந்திருக்கிறோம். எந்தக் கொசு என்ற கேள்வியில்தான் பிழைத்தவர்களின் கதை இருக்கிறது.

சிங்கப்பூரும் வாட்சனின் வழியைப் பின்பற்றியது. 1911இல் தெலுக் பிளாங்கா வட்டாரத்தில் மலேரியா பரவியபோது பள்ளத்தாக்கு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயிட்டு மூடும் பணி தொடங்கியது. பின்னர் வந்த பல பத்தாண்டுகளில் ஓடை வாய்க்காலாகி, வாய்க்கால் சிமெண்டுக் கால்வாயாகி, வெள்ளமும் நோயும் ஒருங்கே அடக்கப்பட்டன. 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்தச் சிமெண்டை இழித்துப் பேச எனக்கு மனம் வராது. அதில் உயிர்காத்த உழைப்பு இருக்கிறது. அந்த வாய்க்கால்களை வெட்டியவர்களில் தமிழர் ஏராளம். 1825 முதல் 1873 வரை இங்கிருந்த இந்தியக் கைதிகள் சாலை போட்டார்கள், செங்கல் சுட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள். பின்னர் வந்த கூலித் தொழிலாளரும் நகராட்சித் தொழிலாளரும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். ஆனால் வாட்சன் கற்றுக்கொண்ட பாடத்தின் முதல் பாதியை மட்டும் நகரம் நெஞ்சில் நிறுத்தியது. நீரை வடியவிடு என்பது முதல் பாதி. எந்த நீரை, எதற்காக என்று கேள் என்பது மறுபாதி. அந்த மறுபாதியைக் கேட்காமலேயே தீவின் ஓடைகளில் பெரும்பாலானவை நேர்க்கோடாகிவிட்டன.

இழப்பின் கணக்கு ஓரளவு போடப்பட்டிருக்கிறது. 2003இல் பேரி புரூக், நவ்ஜோத் சோதி, பீட்டர் இங் ஆகியோர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, பதிவான 3,196 இனங்களில் 881 தீவிலிருந்து மறைந்துவிட்டதாகக் காட்டியது. 2023இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, பதிவாகும் முன்பே மறைந்தவற்றையும் கணித்துச் சேர்த்து, இரு நூற்றாண்டில் 37 விழுக்காட்டு இனங்கள் போய்விட்டன என்றது. முதல் கட்டுரையின் கணக்கில் செடிகொடி, பறவை, மீன், தவளை, வண்ணத்துப்பூச்சி, குச்சிப்பூச்சி, நண்டு எல்லாம் உண்டு. ஈ இல்லை. ஆய்வாளர்களின் குறை அன்று அது. பழைய பதிவு இல்லாத ஒன்றின் மறைவை யாராலும் கணக்கிட முடியாது. வாலஸ் வண்டையும் வண்ணத்துப்பூச்சியையும் விலைபோகும் சரக்காகவும் சேர்த்தார். லண்டனில் அவற்றுக்கு வாங்குவோர் இருந்தார்கள். ஈக்கு அவ்வளவு மதிப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சந்தை விலை, இருபத்தொன்றாம் நூற்றாண்டில் எந்த இழப்பு நம் கண்ணுக்குத் தெரியும் என்பதைத் தீர்மானித்துவிட்டது.

அந்தக் குறையை ஈடுகட்டும் வேலை இதே தீவில் நடந்திருக்கிறது என்பது மனத்துக்கு உரமூட்டுகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் மையர் நடத்திய ஆய்வுக்கூடம் ஈக்களையே தன் களமாகக் கொண்டது. காம்புக்கண் ஈக்களின் வம்சாவளியை உருவமும் மரபணுவும் கொண்டு வரைந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவர் நளினி புண்ணியமூர்த்தி. செப்சிடே ஈக்கள் இணைசேரும் முறை இனத்துக்கு இனம் எப்படி மாறுகிறது, அதோடு உடல் எப்படி மாறுகிறது என்பதை 2008, 2009 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் காட்டினார். ஒன்றில் 27 இனங்களின் நடத்தையை ஒப்பிட்டார். இன்று அதே பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வுக்குழு நடத்துகிறார். சாணத்து ஈயை ஆராய்ந்து உலகத் தரத்தில் பேசும் ஒரு தமிழ்ப் பெயர் நம் நகரத்திலிருந்து எழுந்திருப்பதை நம் பத்திரிகைகள் இன்னும் போதிய அளவு கொண்டாடவில்லை. அதே குழுவிலிருந்து வந்த ஆங் யூச்சென்னும் அவருடைய துணையாசிரியர்களும் 2017இல் விவரித்த புதிய செப்சிடே இனமோ நியூயார்க் நகரப் பூங்காக்களிலிருந்து கிடைத்தது. உலகின் மிகப் பரபரப்பான நகரங்களில் ஒன்றின் நடுவில், வாத்து எச்சத்தில் வாழ்ந்த ஓர் ஈக்குச் சிங்கப்பூர்க்காரர் பெயர் வைக்க வேண்டியிருந்தது.

ஒரு பூச்சியின் மரபணுத் துணுக்கைச் சில காசு செலவில் படிக்கும் முறையை இதே குழு எளிமையாக்கியது. அம்ரிதா ஸ்ரீவத்சனின் கணினி உழைப்பு அதற்கு அடித்தளம். விளைவு மலைக்க வைக்கிறது. 2021இல் வெளியான ஆய்வு, தீவின் பல வாழிடங்களில் பிடித்த சுமார் 1,40,000 பூச்சிகளைப் பிரித்து, ஏறத்தாழ 8,500 இனங்களைக் கண்டது. அதில் 3,000க்கு மேற்பட்டவை அலையாத்திக் காடுகளில் இருந்தவை. மரவகை குறைந்த அலையாத்திக் காட்டில் பூச்சியும் குறைவாகத்தான் இருக்கும் என்ற நெடுங்கால எண்ணம் தவிடுபொடியானது. காளான் ஈக்கள் என்ற ஒரே குடும்பத்தைப் பிரேசிலின் டால்டன் அமோரிம்மோடு சேர்ந்து ஆராய்ந்தபோது 115 இனங்கள் அறிவியலுக்கே புதியவையாக இருந்தன. 730 சதுர கிலோமீட்டர் தீவு. அதன் ஒவ்வொரு சதுர அடிக்கும் திட்ட வரைபடம் உண்டு. அதில் ஒரே ஈக் குடும்பத்தில் பெயரில்லாத 115 உயிரினங்கள்.

2015இல் திறக்கப்பட்ட லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம், பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் சேகரிப்பைக் காத்துவருகிறது. பள்ளிப் பிள்ளைகள் போய் டைனோசார் எலும்புகளின் முன் நின்று வியக்கிறார்கள், வியக்கட்டும். அந்த டைனோசார்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. இத்தீவின் சொந்த வரலாறு இருப்பது, பார்வைக்கு வைக்கப்படாத அறைகளில், சாராயக் குப்பிகளுக்குள் கிடக்கும் ஈக்களில். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஓராய்வுத் திட்டம் முடிந்தால் அறிஞர் வேறு நாட்டுக்குப் போய்விடுகிறார். மையர் இப்போது பெர்லினில். மரபணுத் துணுக்கைக் கருவி படித்துவிடும். முன்காலின் முள் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, அதற்கு என்ன பொருள் என்பதை மனிதர்தான் படிக்க வேண்டும். அதற்கு நிலையான பணியிடங்கள் வேண்டும். கோயில் கோபுரத்தைப் பழுதுபார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைப்பதில் நாம் தயங்குவதில்லை. அந்தக் கைத்திறன் அருகிவிடக் கூடாது என்று நமக்குத் தெரியும். ஈயைப் பிரித்தறியும் கைத்திறனும் அதே அளவு அரியது.

ஓடைகளைப் பொறுத்தவரை நகரம் தன் வழியை ஓரளவு திருத்திக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கால்வாயாக ஓடிய காலாங் ஆறு, 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டது. நீர்நாய்கள் வந்தன; மக்கள் மகிழ்ந்தார்கள். ரோச்சோர் கால்வாயின் கரையும் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் அழகுபடுத்தப்பட்டிருக்கிறது. நல்ல பணிகள் இவை. எனினும் வெயில் கொட்டும் புல்தரைக்கு நடுவே ஓடும் ஆறு, காட்டு ஓடைக்கு ஈடாகாது. காம்புக்கண் ஈக்கு வேண்டியது அரித்த கரை, தொங்கும் வேர், அழுகும் இலை, நாள் முழுதும் நிழல். பூங்கா வடிவமைப்பாளர் முதலில் சீராக்க நினைப்பது இவற்றைத்தான். காட்டோரத்தில் புதிதாக எந்த ஓடையைத் திருத்தினாலும், கரையின் ஒரு பகுதியைச் செப்பனிடாமல், வேர்களை வெட்டாமல் விட்டுவைப்பது செலவில்லாத காரியம்.

பெரிய கேள்வி மண்ணுக்கடியில் இருக்கிறது. 1986இல் திறந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, வாலஸ் உலவிய குன்றை மத்திய வனத்திலிருந்து பிரித்துவிட்டது. 2013இல் கட்டிய உயிரினப் பாலம் அந்தப் பிளவின் மேல் ஒரு மெல்லிய இணைப்பு. குறுக்குத் தீவு ரயில்பாதை வனத்துக்கு நேர் கீழே போகலாம் என்று 2019 டிசம்பரில் முடிவானது. சுமார் 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் அமையும் என்றார்கள். மரங்களுக்கு அந்த ஆழம் போதுமானதாக இருக்கலாம். ஓடைகளின் நீர்மட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆண்டுக்கணக்காக அளந்தால்தான் தெரியும். அந்த அளவீட்டில் மீனும் நண்டும் மட்டும் இடம்பெற்றால் போதாது. நன்னீர் நண்டு ஒன்று அழிய ஆண்டுகள் ஆகும். ஈயின் தலைமுறை வாரக் கணக்கு. ஓடையின் ஈரம் குறைவதை முதலில் காட்டித்தருவது ஈக்கூட்டமாகத்தான் இருக்கும்.

நன்னீர்ச் சதுப்பு வனம் என்று சிங்கப்பூரில் இன்று பெரிய அளவில் மிஞ்சியிருப்பது நீ சூன் ஒன்றுதான். நூறு ஹெக்டேருக்கும் குறைவு. அதன் நீரோட்டத்தையும் உயிரினங்களையும் பற்றிய நல்ல ஆய்வுகள் ஏற்கெனவே நடந்திருக்கின்றன. ஈக்களின் பட்டியலும் நிலையாக ஆண்டுதோறும் அதில் சேர வேண்டும், எந்த ஓடையின் எந்தக் கரையில் எந்த இனம் என்ற அளவுக்கு. கருவியும் முறையும் இங்கேயே உருவானவை. அவற்றைக் கையாளப் பயின்ற இளையவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்தாண்டுச் சம்பளத்தை உறுதிசெய்வது தேசியப் பூங்காக் கழகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.